வழிச்செலவு யார் கணக்கில்?

ஹல்துமுல்லையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், எனக்கு மருமகன் முறை, இணையத்தில் கடை திறக்க இருக்கிறார். சொந்தச் சரக்கு கிடையாது. கொழும்பு, கண்டி, பதுளை என்று பல ஊர் விற்பனையாளர்களின் பொருள்கள் அங்கே ஒரே கடையில் விற்பனைக்கு வரும். "அனுப்பும் செலவு இலவசம் என்று போட்டால்தான் சனம் வாங்கும், மாமா. ஆனால் அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது?" என்று கேட்டார். பலருக்கும் பயன்படக்கூடிய கேள்வி என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். லொறிக்கு டீசல் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஆகவே 'இலவசம்' என்பதற்கு, செலவு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே பொருள். அமேசான் நிறுவனம் 2005இல் 'பிரைம்' திட்டத்தைத் தொடங்கியபோது ஆண்டுக்கு 79 டாலர் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. அங்கேயும் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத்தான் செய்தார். ஒவ்வொரு முறையும் கொடுக்கவில்லை, அவ்வளவே.

ஒரே வியாபாரியின் கடையென்றால் சிக்கல் குறைவு. பலர் சேர்ந்த கடையில்தான் வினை. தோட்டத்துப் பெண்ணொருவர் கம்பளி, டோர்ச் லைட், பிள்ளைக்குப் புத்தகப்பை என்று மூன்று பொருள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் மூன்று விற்பனையாளர்களுடையவை. மூன்று பொதிகளாக வரும். பொதிக்கு 400 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலியே 1,350 ரூபாய்தான். '5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இலவசம்' என்று விளம்பரம் இருக்கும். அந்தக் கணக்கை ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனித்தனியாகப் போட்டால், அவர் மொத்தம் 6,000 ரூபாய்க்கு வாங்கியும் சலுகை கிட்டாது.

செலவை விலையிலேயே ஒளித்துவிடலாம் என்பார்கள். அப்போது மூன்று விலைகளிலும் மூன்று வழிச்செலவுகள் ஒளிந்திருக்கும். சிறு விற்பனையாளரோ, மலைநாட்டுக்கு அனுப்பினால் நட்டம் என்று, 'இப்பகுதிக்கு விநியோகம் இல்லை' என எழுதிவிடுவார்.

இந்தக் கேள்வி நம் மலையகத்துக்குப் புதிதன்று. தமிழகத்திலிருந்து நம் முன்னோரைக் கங்காணிகள் அழைத்து வந்தபோது, வழிச்செலவை அவர்கள் கையிலிருந்து யாரும் கேட்கவில்லை. வந்து சேர்ந்தபின் அது அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது. தோட்டம் மாற விரும்பினால் அந்தக் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' கூடவே சென்றது. துண்டு முறை 1921இல் தடைசெய்யப்பட்டது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை அடுத்து, 1923இல் இலங்கையிலும் ஒரு சட்டம் வந்தது. தோட்ட முதலாளிகள் எல்லோரும் பணம் கட்டும் பொது நிதியொன்று உண்டாயிற்று. ஆட்சேர்ப்புச் செலவும் பயணச் செலவும் அதிலிருந்து கொடுக்கப்பட்டன. தொழிலாளியிடம் திரும்ப வசூலிக்கக் கூடாது என்றாயிற்று.

மனிதரையும் பொதியையும் நான் ஒன்றாக்கவில்லை. கணக்கு முறையை மட்டுமே சொல்கிறேன். ஒளித்து எழுதிய வழிச்செலவு ஏழையின் கடனாயிற்று. பலர் கூடிப் பகிர்ந்து, வெளிப்படையாக எழுதியபோதே அவர் தலையிலிருந்து இறங்கியது.

இணையக் கடையிலும் அதையே செய்யலாம். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு வீதத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இலவச வரம்பை விற்பனையாளர்வாரியாக அல்லாமல் மொத்தக் கூடைக்குக் கணக்கிட வேண்டும். பொருள்களை ஓரிடத்தில் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பினால் மூன்று பயணம் ஒன்றாகும். இரண்டு நாள் தாமதமாகலாம், வாங்குபவரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும். பழுதான பொருள் திரும்பினால் அந்தச் செலவு அதை அனுப்பியவருடையது.

'பத்துக் கிலோ அரிசி விற்பவனுக்காகக் காதணி விற்பவன் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கேட்பார்கள். நியாயம். எடைக்கேற்ப வீதத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் தூரத்துக்கேற்பக் கூட்டக் கூடாது. 1840இல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னித் தபால் வந்தபோது, உள்நாட்டில் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம் என்பதே அதன் உயிர்நாடி. நம் ஊர்த் தபால் முத்திரையும் அந்த வழியில் வந்ததுதான்.

கடைசியாக, முகவரி. லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கமும் தெருப்பெயரும் இல்லாத தோட்டங்கள் பல. பொதி டவுனோடு நின்றுவிட்டால், அதை எடுக்கப் போகும் பஸ் கட்டணமும் இழந்த அரைநாள் கூலியும் யார் கணக்கில்? தோட்டத்துக்கு அருகிலுள்ள கடையொன்றைப் பொதி எடுக்கும் இடமாக்கி, அந்தக் கடைக்காரருக்கும் பொது நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்ய இயலாதென்றால், 'அனுப்பும் செலவு இவ்வளவு' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது மேல். விலை தெரிந்து வாங்காமல் போவதில் யாருக்கும் அவமானமில்லை. இலவசம் என்று நம்பி வந்தவரிடம் கடைசிப் பக்கத்தில் கணக்கை நீட்டுவதுதான் அவமானம்.