கேன்சர் செல்லைக் கொல்லாமல் திருத்த முடியுமா? ஒரு ரத்தப் புற்றுநோய் சொல்லும் பதில்

பேச்சிப்பாறை அணையில் தேங்கி நிற்பது ஒரே தண்ணீர்தான். எந்த மடை திறக்கிறதோ, அந்த வயலுக்குப் போகும். உடம்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. அது தோலாவதா, ரத்தமாவதா? எந்த மரபணுவைத் திறக்கணும், எதை மூடணும் என்று பார்த்துக்கொள்ளும் சில புரதங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்' என்று அவற்றுக்குப் பெயர்.

மடை திறக்கிறவரே மடக்கிப் பிடித்துக்கொண்டால்? அதுதான் ஏ.பி.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். 15, 17-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, ஆர்.ஏ.ஆர்.ஏ. என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் மரபணு, பி.எம்.எல். என்ற இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டு மரபணுவில் உருவாகும் புரதம் மடையைத் திறக்க விடாது. வெள்ளையணுவாக முதிர வேண்டிய செல் பாதி வழியில் நின்று, ஸ்டெம் செல் மாதிரி பெருகிக்கொண்டே போகும்.

1980களில் ஷாங்காய் டாக்டர் வாங் ஜென்யி இவற்றைக் கொல்லப் பார்க்கவில்லை, வளர்த்துவிடப் பார்த்தார். கொடுத்தது 'அட்ரா' என்ற மருந்து, வைட்டமின் ஏ-வின் உறவுக்காரர். (கடையில் கிடைக்கும் வைட்டமின் மாத்திரை இதற்கு மாற்று இல்லை, ப்ளீஸ்.) செல்கள் முதிர்ந்தன, ஆயுள் முடிந்து தாமாகவே மடிந்தன. 1988-ல் வெளியான ஆய்வில் 24 நோயாளிகளில் 23 பேருக்கு இந்த மருந்து மட்டுமே நோயை அடக்கியது. தனியாகக் கொடுத்தபோது பலருக்கு நோய் திரும்பியதும் உண்மைதான்.

அடுத்த கதை நம்ம வேலூரில். 1998 முதல் 2004 வரை, புதிதாக ஏ.பி.எல். வந்த 72 பேருக்கு சி.எம்.சி. மருத்துவர்கள் ஆர்சனிக் ட்ரைஆக்சைடு மட்டும் கொடுத்தார்கள். ஆமாம், பாஷாணம்தான், ஆனால் அளந்து, கண்காணிப்பில். அது அந்த ஒட்டுப் புரதத்தையே சிதைக்கும். சுமார் 86 சதவீதம் பேருக்கு நோயின் தடயம் மறைந்தது. விலை உயர்ந்த கீமோவுக்கு வழியில்லாத நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

மற்ற கேன்சர்களில் இவ்வளவு எளிதாக நடப்பதில்லை. அங்கே பல மடைகள் ஒரே நேரத்தில் கெட்டிருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஏ.பி.எல். ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதல் சில நாட்களில், ரத்தப்போக்கால். அதனால்தான் சந்தேகம் வந்தவுடனே, மரபணு டெஸ்ட் முடிவுக்குக் காத்திராமல் அட்ராவைத் தொடங்கச் சொல்கிறார்கள். பேச்சிப்பாறை மலையிலிருந்து குலசேகரம், தக்கலை தாண்டி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு வரும் ஒருவரை வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்புவதற்குள் முதல் மாத்திரை உள்ளே போயிருக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே அட்ராவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசு மெடிக்கல் காலேஜிலும் சில பாட்டிலாவது எப்போதும் கையிருப்பில் இருக்கணும். ஈறில் காரணமில்லாமல் ரத்தம், அடிபடாமலே உடம்பில் கன்றல் என்று வருகிறவர்களுக்கு அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் நடக்கணும்.