வேடம் புனைவோரும் வீண்பழியும்

ஒரு காரியத்தின் தன்மையை ஆராயுமுன்னரே அதனை இகழ்ந்துரைப்பது நம்மவரிடையே வேரூன்றிய வழக்கமாகும். ஜப்பானியரின் ‘அனிமே’ என்னும் சித்திரப் படங்களில் பற்றுக்கொண்டு, அவற்றில் வரும் பாத்திரங்களைப் போல் உடையணிந்து மகிழும் மாணவர்கள் இன்று இவ்வழக்கத்திற்கு இலக்காகின்றனர். ‘காஸ்பிளே’ எனப்படும் இவ்வேடம் புனைதல் பிள்ளை விளையாட்டென்றும், அன்னிய மோகமென்றும், கல்விக்குக் கேடென்றும் கூறுவர். இக்கூற்றுக்கள் பொருந்துமா என்று பார்ப்போம்.

சித்திரம் யாவும் சிறுவர்க்கே உரியதென எண்ணுவோர், 1988-ஆம் ஆண்டில் இசாவோ தகஹாத்தா இயற்றிய ‘மின்மினிகளின் கல்லறை’ என்னும் படத்தைக் காண்பாராக. போரில் தாயை இழந்த தமையனும் தங்கையும் பசியால் மடிந்த கதை அது. அதனைப் பிள்ளை விளையாட்டென்று எவர் சொல்வர்?

கதைகள் அன்னியமேயாயினும் வேடம் நமக்கு அன்னியமன்று. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டோர் காளியாகவும் குரங்காகவும் வேடந்தரித்துக் காணிக்கை பெறுகின்றனர். நமது ஸ்ரீரங்கத்தில் பகற்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளுகிறார். அரையர்கள் கூம்பிய குல்லாயணிந்து பாசுரங்களை அபிநயிக்கின்றனர். வழிபாட்டையும் பொழுதுபோக்கையும் ஒன்றென்று கூறுதல் தகாது. எனினும், கோலம் பூணுதலை இழிவென்று கருதாத ஊர் நம்முடையது என்பது தெளிவு.

இனிக் கல்விக்குக் கேடென்பது. நாடகம் கூத்தாடிகளின் தொழிலென்று கற்றோர் இகழ்ந்த காலமும் உண்டு. அக்காலத்தில், 1891-இல், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். அவர் பின்னர் நீதிபதியாகவும் விளங்கினார். திருச்சிராப்பள்ளியில் 1914-இல் ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்த எப்.ஜி. நடேச ஐயர் இரயில்வே உத்தியோகஸ்தர். அச்சபையின் ‘ஹரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாக வேடம் பூண்ட சிறுவனே பிற்காலத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதராகப் புகழ்பெற்றார். அன்று வேடம் புனைந்தோரை இன்று நாம் பெருமையுடன் நினைக்கிறோம்.

இன்றைய இளைஞரும் வெறுமனே பொழுதைக் கழிப்பவரல்லர். துணியை அளந்து வெட்டித் தைக்கவும், அட்டையாலும் பஞ்சுத் தகட்டாலும் கவசஞ் செய்யவும், வர்ணந் தீட்டவும் தாமே பழகுகின்றனர். கடன்பட்டு ஆடை வாங்குதலும் பரீட்சையை மறத்தலும் தவறே. ஆனால் அளவு மீறினால் கிரிக்கெட்டிற்கும் அக்குற்றம் உண்டு.

உண்மையான கேடு வேறிடத்தில் உள்ளது. வேடமணிந்த பெண்ணை அவளுடைய இசைவின்றித் தொடுவதும், படம் பிடிப்பதும், ‘இவ்வுடை உடுத்தியவள் எதற்கும் துணிந்தவள்’ என்று பேசுவதுமே அக்கேடு. வேடம் இசைவாகாது என்பதை நியூயார்க் காமிக் கான் 2014-இல் அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைத்தது. சென்னையிலும் 2024 முதல் அத்தகைய விழா நடைபெற்றுள்ளமையால், நம் நாட்டாரும் இம்மரியாதையைக் கற்றல் வேண்டும். நாணவேண்டியவர் வேடம் அணிந்தவரல்லர், வரம்பு மீறியவரே.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் இவர்களை எள்ளி நகையாடாது, ‘இதனை எவ்வாறு செய்தாய்?’ என்று ஒருமுறை கேட்பார்களாக. கல்லூரி விழா மேடையில் ஹரிச்சந்திரனுக்கு இடமளிக்கும் நாம் இவர்களுக்கும் அரைமணி நேரம் அளிப்பதால் யாதொரு குறையும் நேராது.