புகையைப் பார்த்து நெருப்பைச் சொல்லலாமா?



போன வாரம் என்னிடம் படித்த ஒருவன் போன் செய்தான். "சார், மூளையை ஸ்கேன் எடுத்துப் பாத்தா பிள்ளைக்கு எந்தப் படிப்பு வரும்னு கலர் படமாவே காட்டிருவாங்களாம். பையனைக் கூட்டிட்டுப் போகவா?" என்றான். பையன் ஏழாவது படிக்கிறான். போகாதே என்றேன். ஏன் என்பதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் ஆமத்தூர்ப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடுவோம். புகை எழும் திசையை வைத்து எந்த ஆலை என்று ஊகிப்போம். எந்த அறை, உள்ளே யார் இருந்தார்கள் என்று புகை சொல்லாது. தெரிந்தவருக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும்வரை உயிர் கையில் இருக்காது.

மூளையின் எஃப்.எம்.ஆர்.ஐ. படமும் அந்தப் புகைதான். 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா இதற்கு வழி காட்டினார். ஆக்ஸிஜனை இழந்த ரத்தத்துக்குக் காந்தக் குணம் மாறுகிறது. கருவி அதைப் பிடிக்கிறது. நரம்பணு வேலை செய்வது மில்லி விநாடிகளில். அதற்காக ஓடிவரும் ரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். படத்தில் தெரிவது ரத்தம், எண்ணம் அல்ல.

அப்படியானால் நரம்பு என்ன செய்தது என்று எப்படி அறிவது? கணக்குப் போட்டுத்தான். நரம்பு இவ்வளவு வேலை செய்தால் ரத்தக்குழாய் இவ்வளவு விரியும், படத்தில் இவ்வளவு தெரியும் என்று சமன்பாடு எழுதி, கணினியில் ஓட்டி, நிஜப் படத்தோடு ஒப்பிடுகிறார்கள். 1998இல் ரிச்சர்ட் பக்ஸ்டன் குழு, சிரையை ஊதிச் சுருங்கும் பலூனாக வைத்துக் கணக்குப் போட்டது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சீனிவாச சக்ரவர்த்தியின் குழுவும் நரம்பணுவுக்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள உறவைக் கணினி மாதிரிகளில் ஆராய்ந்திருக்கிறது.

கணக்கு தவறினால்? 2009இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். வேண்டிய திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது செத்த மீனின் மூளையும் 'வேலை செய்தது'! திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. விடையை மட்டும் பார்க்காதீர்கள், வழிமுறையைப் பாருங்கள் என்று வகுப்பில் நான் கத்தியது இதற்குத்தான்.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூளையில் கட்டியை அகற்றுமுன், பேச்சுக்கும் கை அசைவுக்குமான இடங்களை அறிய மருத்துவர்களுக்கு இதே படம் உதவுகிறது. டாக்டர் எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள். ஆனால் ஒரு வண்ணப் படத்தை வைத்து, "உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். ஏழாவதில் கணக்கில் தோற்றுவிட்டு, பிறகு கணக்கு வாத்தியாரானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரிய வேண்டுமா? ராத்திரி சாப்பாட்டுக்கு அவனோடு உட்காருங்கள். அவனிடமே கேளுங்கள்.