தேவையை வினவும் பொறி

மென்பொருள் ஆக்குவோர்க்கு நிரல் எழுதுதலினும் கடினமானது, ஆக்கவேண்டியது இன்னதெனத் துணிதலே. எம்மொடு பயின்றோருள் இத்துறை புகுந்தார் சிலருளர். அவர்பொருட்டே இதனை வரைகின்றோம்.

1992 ஒக்டோபர் 26 இல் இலண்டன் மாநகரில் நோயாளர் வண்டிகளை அனுப்புதற்கெனத் தொடங்கிய கணினி முறைமை விரைவிலேயே நிலைகுலைந்தது. காரணங்கள் பல. ஊழியர் தமக்குக் குறிக்கப்பட்ட வண்டியை விடுத்து வேறொன்றில் ஏறிச் செல்வதுண்டு. இஃது அவற்றுள் ஒன்று. வண்டியோட்டுவோனை அமைதியாக அமர்த்தி வினவியிருப்பின் வெளிப்பட்டிருக்கக்கூடிய செய்தியன்றோ?

அங்ஙனம் வினவும் பணியை இந்நாளில் உரையாடு பொறிகளிடம் ஒப்புவிக்கத் தலைப்பட்டுள்ளனர். இதனை யாம் வரவேற்கின்றோம். மருத்துவமனைப் பதிவு எழுதுவினைஞரை நோக்கி, "யாது வேண்டும்?" என்றால், "விரைவாக நடைபெறவேண்டும்" என்பார். அவ்விடைகொண்டு எதனை ஆக்குவது? "நேற்றுக் காலை எவரைப் பதிவதில் தாமதம் நேர்ந்தது?" எனப் பொறி தொடர்ந்து வினவின், அடையாள அட்டை இல்லாத சிறுபிள்ளையின் கதை வெளிவரும். அட்டை எண்ணின்றிப் பதிவேற்காத மென்பொருள் அப்பிள்ளையை வாயிலிலேயே நிறுத்திவிடும். மேலதிகாரி அருகிருக்கும் கூட்டத்தில் எழுதுவினைஞர் இதனைச் சொல்லார்; பொறிக்கு முன் நாணமில்லை. 1966 இல் யோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்னும் எளிய நிரலோடு உரையாடத் தொடங்கிய அவர்தம் செயலாளரே, அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு வேண்டினாராம்!

நிற்க. எமக்கோர் அச்சமுண்டு. எலிசா கேட்டதைத் திருப்பிக் கேட்டதேயன்றித் தானாக யாதும் புனைந்திலது. இன்றைய பொறியோ சொல்லாததையும் சொன்னதுபோல் நிரப்பி அழகிய ஆவணம் ஆக்கவல்லது. எழுதுவினைஞர் தயங்கி நிறுத்திய இடத்தில், "ஒரு நிமிடத்துள் பதிவு முடிதல் வேண்டும்" என்னும் வாசகம் தோன்றிவிடும். அதனைச் சொன்னவர் யார்? தெளிவின்மையைக் கண்டால் மீண்டும் கேட்போம். தெளிவாக எழுதப்பட்ட பிழையைக் கண்டு எவர் ஐயுறுவார்? அஃது ஒப்பந்தத்திலும் ஏறிப் பணமும் செலவான பின்னரே வெளிப்படும்.

ஆதலின், பயனர் கூறியது இது, பொறி உய்த்துணர்ந்தது இது என ஆவணம் வரிதோறும் பிரித்துக் காட்டவேண்டும். தமிழிற் பேசியவர்க்கு அது தமிழிலேயே திரும்பி வருதல் வேண்டும். ஆங்கில ஆவணத்தை நீட்டிக் கையொப்பம் கேட்பது முறையன்று. திணைக்களத் தலைவர் ஒப்பமிடுமுன் பதிவு மேசையில் இருப்பவர் அதனை வாசித்து, வேண்டாத வரியைத் தம் கையால் வெட்டட்டும்.