'ஃபேர்' என்றால் என்ன?

ஆங்கிலத்தில் நீண்ட சொற்களைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது சின்னஞ்சிறு சொற்களுக்கே. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள். அகராதியைப் புரட்டினால் அகப்பட்டு விடும். சிறிய சொல்லோ வீட்டுக்கு வீடு வேறு முகம் காட்டும். அப்படிப்பட்ட ஒன்றுதான் 'ஃபேர்' என்னும் பெயரடை.

காலை முதல் மாலை வரை இச்சொல் நம்மை விட்டு அகல்வதில்லை. ரஃப் நோட்டில் கிறுக்கியதை ஃபேர் நோட்டில் எழுதுகிறோம். அங்கே 'பிழையற்ற, தூய' என்று பொருள். விளையாட்டுத் திடலில் 'ஃபேர் ப்ளே' என்றால் நேர்மை. தெருமுனை நியாய விலைக் கடைக்கு ஆங்கிலத்தில் 'ஃபேர் பிரைஸ் ஷாப்' என்று பெயர். அங்கே அது நியாயம். ஆனால் முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியை 'ஃபேர்' என்று எழுதிவிட்டாலோ, கையெழுத்திடும் அப்பாவின் முகம் வாடிவிடுகிறது! அங்கே அதற்கு 'ஏதோ, சுமார்' என்றே பொருள். அதே அப்பா, அத்தை வீட்டுக் கல்யாணப் பேச்சில் "பெண் நல்ல ஃபேர்" என்று கேட்டால் மகிழ்ந்து போகிறார். அங்கே அது வெள்ளைத் தோல்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'அழகிய, இனிய' என்பதே பொருள். மாசு மறுவற்றது அழகு. ஆகவே மாசற்ற நடத்தையும் 'ஃபேர்' ஆயிற்று. அதிலிருந்து நேர்மையும் நியாயமும் வந்தன. வெளிறிய மேனியும் பொன்னிறக் கூந்தலுமே அழகென்று அந்நாட்டார் எண்ணியதால் அதுவும் 'ஃபேர்' ஆயிற்று. பிற்காலத்தில் சொல் தேய்ந்து 'பரவாயில்லை' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. (புத்தகக் கண்காட்சியைக் குறிக்கும் 'ஃபேர்' இதன் உறவினர் அன்று. அது திருநாளைக் குறிக்கும் 'ஃபெரியா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது.)

இந்தச் சொல்லின் சிக்கலை ஷேக்ஸ்பியரும் உணர்ந்திருந்தார். 1609ஆம் ஆண்டு வெளியான அவருடைய 'சானட்' கவிதைகளின் பிற்பகுதியில் கருநிறப் பெண் ஒருத்தியைப் பாடுகிறார். அங்கே 'அழகு', 'வெண்மை' என்னும் இரு பொருளையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

மேகமற்ற வானத்தையும் ஆங்கிலேயர் 'ஃபேர்' என்பர். குளிரிலும் தூறலிலும் வாடுபவர்க்கு வெயில் அழகுதான். ஆனால் பங்குனி வெயிலில் வெந்து, கார்மேகம் எப்போது திரளும் என்று அண்ணாந்து பார்க்கும் நமக்கு? கருத்த வானமல்லவோ நமக்கு அழகு! ஒரு நாட்டின் சொல்லை நாம் கடன் வாங்கலாம்; அந்நாட்டின் கண்ணையுமா கடன் வாங்குவது?

பழியை ஆங்கிலத்தின் மீது மட்டும் சுமத்தவும் முடியாது. 'நிறம்' என்பது நம் தமிழில் எல்லா வண்ணங்களுக்கும் பொதுவான சொல். ஆயினும் "பிள்ளை நல்ல நிறம்" என்றால் சிவப்பு என்றுதானே புரிந்துகொள்கிறோம்? அப்படியானால் கறுத்த பிள்ளைக்கு நிறமே இல்லையா? 1975ஆம் ஆண்டு நம் நாட்டில் அறிமுகமான 'ஃபேர் அண்டு லவ்லி' முகக்களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிக் கொண்டது. டப்பாவின் பெயர் மாறியது. நம் நாக்கு இன்னும் மாறவில்லை.

இதை எழுத எங்களுக்குத் தகுதி உண்டா என்று தோழியர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் சம்மனசுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை சிஸ்டர் எங்களிடமே விட்டிருந்தார். நாங்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வகுப்பில் ஃபேரான நால்வரின் பெயரை எழுதிக் கொடுத்தோம். வகுப்பிலேயே இனிமையாகப் பாடுபவள் அந்த நால்வரில் இல்லை. "நீ திரைக்குப் பின்னால் நின்று பாடு, மற்றவர்கள் வாயசைக்கட்டும்" என்றோம். அவள் மறுக்கவில்லை, அழகாகப் பாடினாள். நாடகம் முடிந்ததும் அவளுடைய அம்மா எங்களிடம் வந்து, "என் மகள் எந்தக் காட்சியில் வந்தாள்? நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

அன்றுதான் 'ஃபேர்' என்ற சொல்லின் ஆபத்து எங்களுக்குப் புரிந்தது. வெண்மைக்கும் அழகுக்கும் நியாயத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், வெண்மை இல்லாதவளுக்கு அழகு இல்லை என்று முதலில் சொல்கிறோம். பிறகு நியாயத்தையும் மறுத்துவிடுகிறோம். நாங்கள் ஃபேரான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் எங்கள் தேர்வு ஃபேராக இல்லையே!

விவிலியத்தில் இனிமைமிகு பாடலின் தொடக்கத்திலேயே மணமகள் தன்னைக் கறுத்தவள் என்றும் அழகி என்றும் கூறிக்கொள்கிறாள். அவ்விரண்டுக்கும் இடையே மூல எபிரேயத்தில் உள்ள சிறிய இணைப்பை 'ஆனால்' என்றும் பெயர்க்கலாம், 'உம்' என்றும் பெயர்க்கலாம். 1611இல் வெளியான ஆங்கிலப் பதிப்பில் 'ஆனால்' என்று உள்ளது. 1989இல் வந்த திருத்திய புதிய பதிப்பு 'உம்' என்று மாற்றிவிட்டது. 'கறுப்பு, ஆனால் அழகு' என்பதற்கும் 'கறுப்பும் அழகும்' என்பதற்கும் எவ்வளவு தூரம்! அறிஞர்களுக்கே அதைக் கடக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நாம் இன்றே கடந்துவிடலாமே!

அன்புத் தோழியரே, 'ஃபேர்' என்ற சொல்லை அகராதியிலிருந்து அழிக்க வேண்டியதில்லை. நோட்டுக்கும் விளையாட்டுக்கும் நியாய விலைக் கடைக்கும் அது இருந்துவிட்டுப் போகட்டும். தோலை அளக்கும் கோலாக மட்டும் அதைக் கையில் எடுக்க வேண்டாம். பெற்றோர்களே, பெண் பார்க்கப் போகும் இடத்திலும் இதை நினைவில் கொள்ளுங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.

இந்த ஆண்டும் நாடகம் வரும். நடுச் சம்மனசு யார் என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டோம். அவளுடைய அம்மாவுக்கு முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்கும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி