பேய் போச்சு... பயம் போச்சா?

"கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆச்சு. ராத்திரியில எழுந்து தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆடுறா. ஆம்பளைக் குரல்ல பேசுறா. காத்து கருப்பு அண்டிருச்சு போல!"

பாலக்கோடு வட்டாரத்துக் கிராமங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. உடனே மந்திரிக்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம், அமாவாசைக்கு மேல்மலையனூர் புறப்படுகிறோம். எந்தப் பேய், எங்கே பிடித்தது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். 'அந்த வீட்டில் உனக்கு என்னம்மா நடந்தது?' என்று மட்டும் கேட்பதில்லை.

தென்னாற்காடு பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் இசபெல் நபொகோவ், 2000-ல் வெளியான தம் நூலில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அவர் பார்த்தவரையில், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான பெண்கள், கணவனோடு ஒட்டாதவர்கள். முடியை வெட்டிப் புளியமரத்தில் ஆணி அடித்ததும் பேய் போய்விட்டதாம். அப்புறம்? பெண் மறுபடி கணவன் வீட்டுக்கே!

அவள் நடிக்கவில்லை. அடி, வசவு, பலவந்தம்... வாய்விட்டுச் சொன்னால் 'அனுசரிச்சுப் போ' என்பார்கள். சொல்ல முடியாத வேதனை, தன்னை மறந்த நிலையில் வேறொரு குரலாக வெளிவரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இந்நிலைக்கு இடம் உண்டு. எல்லாமே கொடுமையால் வருவதல்ல. வலிப்பு, பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் போன்றவையும் இப்படித் தோன்றலாம். அதனால்தான் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்ததாக 2002-ல் எழுதினார்கள். அங்கே தனிச் சடங்கு எதுவும் இல்லை. அன்பான அடைக்கலம்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6-ல், ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்த காப்பகம் தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். ஆறுதல் தருவது அரவணைப்பு. சங்கிலியும் சாட்டையும் அல்ல.

பெற்றவர்களே! பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, மாப்பிள்ளை வீட்டார் இல்லாத நேரத்தில், பொறுமையாகக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு 181 என்ற இலவசத் தொலைபேசி எண்கள் உள்ளன. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு எதிராக 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

பேயை ஓட்டுவது சுலபம். பெண் எதற்குப் பயப்படுகிறாளோ, அதை ஓட்டுவதுதான் நம் வேலை!