தொண்டையில் நிற்பது டோடோல் மட்டுமா?



மலாக்காவுக்கு வந்தவர்கள் டோடோல் வாங்காமல் திரும்புவது அபூர்வம். பசையரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் குலா மலாக்காவையும் மணிக்கணக்கில் கிண்டி இறக்குகிற பண்டம் அது. பல்லிலே ஒட்டும். அவசரப்பட்டு விழுங்கினால் தொண்டையிலும் ஒட்டும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். அது டோடோலின் குணம். அதற்காக யாரும் டாக்டரிடம் ஓட வேண்டாம்.

ஆனால் போன வருஷம்வரை இறங்கிய களியும் புட்டும் சோற்றுக் கவளமும் இந்த வருஷம் இறங்க மறுத்தால்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பாட்டி சாப்பிடும்போது நெஞ்சைத் தடவுகிறார். "என்னம்மா?" என்று மகள் கேட்கிறாள். "ஒண்ணுமில்லே, வயசாயிடுச்சு. கஞ்சியாக் கரைச்சுக் குடு" என்கிறார். மகளும் கரைத்துக் கொடுக்கிறாள். கஞ்சி இறங்குகிறது. எல்லோருக்கும் நிம்மதி!

இந்த நிம்மதிதான் ஆபத்து என்கிறேன். கஞ்சி நோயைத் தீர்க்கவில்லை; மூடி வைத்தது. ஆறு மாதம் கழித்துக் கஞ்சியும் நிற்கும். பிறகு தண்ணீரும் நிற்கும். அப்போது ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் என்ன பயன்? முதலில் கெட்டியான சாப்பாடு, அப்புறம் குழைந்த சாப்பாடு, கடைசியில் தண்ணீர் என்று வரிசையாக நின்றுகொண்டே வந்தால், பாதை குறுகி வருகிறது என்று அர்த்தம். வயசு மட்டும் இப்படிப் பாதையை அடைக்காது.

தொண்டை அடைப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. நெஞ்செரிச்சல், கழுத்துக் கழலை, பக்கவாதம் எல்லாம் இருக்கலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தோட்டத்து ஜனங்களாகிய நாம் முக்கியமாக இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இரத்தச் சோகை. உடம்பில் இரும்புச் சத்து நெடுநாள் குறைந்தால், உணவுக் குழாய் தொடங்கும் இடத்தில் மெல்லிய சவ்வு குறுக்கே வளர்வதுண்டு. பேட்டர்சன், கெல்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் டாக்டர்கள் 1919ஆம் ஆண்டிலேயே இதைத் தனித்தனியாக எழுதி வைத்தார்கள். பெண்களிடம்தான் அதிகம். நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். கடைவாய் வெடிக்கும். நகம் கரண்டி போலக் குழியும். படி ஏறினால் மூச்சு வாங்கும். சுவீடன் நாட்டில் ஒரு காலத்தில் இந்த நோய் நிறைய இருந்தது. சாப்பாடு மேம்பட்டு, மாவிலே இரும்புச் சத்தும் சேர்த்த பிறகு அது அரிதாகிவிட்டது. இதை விட்டுவைத்தால் அதே இடத்தில் புற்று வரவும் கூடும் என்பதால் அலட்சியம் வேண்டாம்.

இரண்டாவது, வெற்றிலை பாக்கு. கோபப்படாதீர்கள், அம்மா! தாம்பூலம் நம் மரியாதை. கல்யாணத் தட்டில் இருக்கட்டும். வெட்டுக்காட்டில் பசியை அடக்க நம் பெரியவர்கள் அதை மென்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாக்கை வருஷக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தோல்வார் போல இறுகும். மிளகாய் பட்டால் எரியும். வாய் திறப்பது சுருங்கும். இந்த இறுக்கம் தொண்டைவரைக்கும் போவதுண்டு. அப்போது கெட்டிச் சாப்பாடு இறங்காது.

இது நம் கதைதான். 1952இல் கென்யாவில் குடியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயைக் கண்டு ஒரு மருத்துவர் எழுதினார். நம் நாட்டிலே டாக்டர் கே. இராமநாதன் 1981இல் மலேசிய மருத்துவ இதழில், இரும்புச் சத்துக் குறைவுதான் இதற்கு மூலமாக இருக்கலாம் என்று ஒரு கருத்தை வைத்தார். பாக்குதான் முக்கியக் காரணம் என்பது இன்று உறுதி. ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு இரத்தமும் குறைந்திருப்பது உண்மையே. ஆக, நான் சொன்ன இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரலாம்.

"புகையிலை போடலே, வெறும் பாக்குதானே?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் சொன்னது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் தரும் என்று 2003இல் முடிவு செய்தது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் வாய் இறுகிய 66 பேரை 17 ஆண்டுகள்வரை கவனித்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்தது. நம் நாட்டில் 1993-94இல் 11,697 பேரின் வாயைச் சோதித்தபோது, புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியர்களில் 100க்கு 4 பேரிடம் இருந்தன. சீனர்களில் 200க்கு ஒருவரிடம்தான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எப்படி வாய் மூடி இருப்பது?

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? கன்னத்தில், நாக்கடியில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணோ இருக்கிறதா? காதுவரை வலிக்கிறதா? குரல் கம்மி மூன்று வாரம் ஆகிவிட்டதா? காரணமில்லாமல் மெலிகிறீர்களா? தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். "தொண்டை வலி" என்று சொல்லி மருந்துத் தண்ணீர் வாங்கி வந்துவிடாதீர்கள். "கெட்டியானது இறங்கலே, இத்தனை மாசமா இருக்கு, வெத்தலை போடுவேன்" என்று விவரமாகச் சொல்லுங்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆணுக்கோ, தீட்டு நின்ற பெண்ணுக்கோ இரும்புச் சத்துக் குறைந்தால், வயிற்றுக்குள் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் மலம் கறுக்கும், பயந்து நிறுத்தாதீர்கள். சோற்றோடு தே ஓ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தேநீர் இரும்புச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரை, பருப்பு, மீன், ஈரல் சாப்பிடும்போது எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்பீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி டாக்டரோ பல் டாக்டரோ கொடுக்கும் மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள், அதற்கு மேல் 18 நாள், ஐந்து வருஷம் ஆனவருக்கு 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். உரிமை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

தோட்டக் கமிட்டித் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "எங்கள் தோட்டத்துக்கு வந்து வாய்ப் பரிசோதனை செய்யுங்கள்" என்று அழையுங்கள். அப்படிப்பட்ட பரிசோதனைத் திட்டம் சுகாதார அமைச்சிடம் உண்டு. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களையும் கூப்பிடுங்கள். லயம் மாறினாலும் வெற்றிலைப் பை மாறவில்லை அல்லவா?

இன்றிரவு உங்கள் வீட்டில் யாராவது கஞ்சி கேட்டால், கொடுங்கள். கொடுத்துவிட்டு, "எத்தனை நாளா இறங்கலே?" என்றும் கேளுங்கள். விடிந்ததும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.